ஆழத்தில் ஒரு காது – 4
932.5 மீட்டர்

எண்ணூர் நெட்டுக்குப்பத்துத் தரையில் ஒரு நிலநடுக்கமானியை வைத்தால் அது முதலில் எதைப் பதியும்? அலை, படகு மோட்டார், ராப்பகல் பாராமல் ஓடும் கன்டெய்னர் லாரி. ஆற்று முகத்துவாரத்து மணலும் களியும் அந்த அதிர்வுகளை இன்னும் பெரிதாக்கும். பரங்கிமலையில் தலைகாட்டும் சார்னோக்கைட் பாறைமேல் வைத்தால் கொஞ்சம் தேவலை. ஆனால் லாரி அங்கேயும் விடாது. மேலே இருக்கும்வரை இந்தத் தொல்லை தீராது. கருவியைக் கீழே இறக்க வேண்டும்.

எவ்வளவு கீழே? அதற்குத்தான் கோய்னா.

1967 டிசம்பர் 11, விடியற்காலை 4.21. மகாராஷ்டிரத்தின் கோய்னாநகர் தூங்கிக்கொண்டிருந்தது. நடுக்கத்தின் அளவு 6.3. சுமார் 200 பேர் மாண்டார்கள். 103 மீட்டர் உயரக் கோய்னா அணையில் விரிசல் விழுந்தது, அணை நின்றுவிட்டது. அணைக்குப் பின்னே நீர் தேங்கத் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தக்காணம் அசையாத பூமி என்று நம்பியிருந்தவர்களுக்கு அந்த விடியல் பெரிய அடி.

அதோடு ஓயவில்லை. ஏறக்குறைய 20க்கு 30 கிலோமீட்டர் பரப்புக்குள்ளேயே நடுக்கம் திரும்பத் திரும்ப வந்தது, பெரும்பாலும் 10 கிலோமீட்டருக்குள் ஆழத்தில். ஹர்ஷ் குப்தா போன்ற விஞ்ஞானிகளுக்கு இது கிடைத்தற்கரிய இடம்: நடுக்கம் பிறக்கும் பாறைக்கே துளையிட்டுப் போய்ப் பார்க்கலாம்!

ஆனால் மேலே விரிந்து கிடந்தது பசால்ட். எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த பாறை. கீழிருந்து வரும் மெல்லிய அதிர்வு இந்த அடுக்குகளில் சிதறி, மேலே தேய்ந்துபோன மண்ணில் குழம்பி, கடைசியில் இரைச்சலில் கரைந்துவிடும். நடுக்கம் எங்கே பிறந்தது என்ற கணக்கு சில நூறு மீட்டர் பிசகினாலும் போதும், எந்தப் பிளவு அசைந்தது என்று சொல்ல முடியாது. ஆகவே பசால்ட்டைக் கடந்து, அடியில் உள்ள பாறைக்குள் கருவியை இறக்குவது என்று முடிவாயிற்று.

அடியில் என்ன பாறை? பசால்ட் மூடுவதற்கு முன் அங்கே ஆறு ஓடி வண்டல் படிந்திருந்தால்? கீழிருந்து வரும் மெல்லிய அதிர்வை வண்டல் விழுங்கிவிடும். கெட்டிக் கிரானைட் என்றால் கருவிக்கு அதைவிட நல்ல இருப்பிடம் கிடையாது.

கோய்னாப் பகுதியிலேயே உள்ள ரசாட்டியில் துளை இறங்கியது. வெளியே வந்த பாறைத் துண்டுகள் எல்லாம் கறுப்பு. நூறு, ஐந்நூறு, தொள்ளாயிரம் மீட்டர், இன்னும் கறுப்பு.

932.5-ல் கறுப்பு தீர்ந்தது.

அடுத்துக் குழாயிலிருந்து வெளியே வந்த துண்டு...

(தொடரும்)