இரணைதீவும் கொவிட் அடக்கமும்

கொள்ளைநோய்க் காலத்தில் அரசு விடுக்கும் சுகாதார அறிவித்தலை மக்கள் மருத்துவ நூல் கொண்டு அளப்பதில்லை. அறிவிப்போர்பால் தாம் கொண்ட நம்பிக்கை கொண்டே அளப்பர். கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பிரிவைச் சார்ந்த இரணைதீவு இதற்குச் சான்றாகும்.

கொவிட் நோயால் இறந்தோர் யாவரையும் எரித்தல் வேண்டுமென 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி விதித்தது. புதைப்பின் நிலத்தடி நீர் மாசுறும் என்பது கூறப்பட்ட காரணம். உலக சுகாதார ஸ்தாபனமோ புதைத்தல், எரித்தல் ஆகிய இரண்டையும் ஏற்றிருந்தது. அரசின் ஆதரவாளர் பலர் அக்காரணத்தை அறிவியலாகவே கொண்டனர். முஸ்லிம்கள் அதனைத் தம் சமயத்தை நோக்கிய ஒறுப்பெனக் கண்டனர். 2021 பெப்ரவரி இறுதியில் அவ்விதி தளர்ந்தது. மார்ச் 2ஆம் நாள், அடக்கத்துக்குரிய இடம் இரணைதீவு என அறிவிக்கப்பட்டது.

அத்தீவினர் கத்தோலிக்க மீனவர். 1992இல் இடம்பெயர்ந்து, முழங்காவிலை அடுத்த இரணைமாதாநகரிற் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து, 2018 ஏப்ரலில் தாமே படகேறித் தம் மண்ணை மீட்டவர். ஓராண்டளவாக நீர் கெடும் என்றுரைத்த அதே அரசு, கடல் சூழ்ந்த சிறு தீவிற் புதைக்கலாம் என்றபோது அவர்கள் அதனை எங்ஙனம் நம்புவர்? போராட்டம் எழுந்தது. அது முஸ்லிம்கள்மேற் கொண்ட பகையன்று என்பதை ஈண்டு வற்புறுத்தல் தகும். இறந்தோரை எட்டாத் தீவிற்கு அனுப்புவதை முஸ்லிம் தலைவர்களும் இழிவெனவே மறுத்தனர்.

சில நாட்களுள், மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கிற்று. கட்டாய எரியூட்டலுக்காக அமைச்சரவை மன்னிப்புக் கோரியது 2024 ஜூலையிலேயே.