நேட்டால் 1906: ஜூலு எழுச்சியும் அரசுக்குத் தோள் கொடுத்த தமிழரும்

நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, ஊர், உடம்பிலுள்ள தழும்பு என்று அடுத்தடுத்துப் பத்திகள் போகும். ஜில்லாப் பத்தியில் தென்னார்க்காடு என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. கம்மாபுரமும் அதைச் சூழ்ந்த விருத்தாசலம் வட்டத்துச் சிற்றூர்களும் அன்று அந்த ஜில்லாவில் அடங்கியவை. பீங்கான் சூளைகளும் நெய்வேலிச் சுரங்கமும் வருவதற்கு வெகுகாலம் முன்பு, மழையை நம்பியே பிழைத்த இந்த வட்டாரத்தில் வானம் பொய்த்தால் கடல் தாண்டுவது ஒரு வழியாக இருந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சம் அந்த வழியை அகலமாக்கியது. மலேயாவுக்கும் மொரீஷியசுக்கும் ரீயூனியனுக்கும் போனவர்கள் போக, ஒரு கூட்டம் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இறங்கியது.

அந்தக் கரையில் 1906-ஆம் ஆண்டு ஜூலு மக்கள் வெள்ளையர் அரசை எதிர்த்து எழுந்தபோது, அங்கிருந்த இந்தியர்களின் தலைவர்கள் அரசின் பக்கம் நின்றார்கள். பத்திரிகையில் எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள், நிதிக்குப் பணம் கேட்டார்கள், ஆள் திரட்டினார்கள். திரட்டப்பட்ட ஆட்களில் பெரும்பாலோர் ஒப்பந்தம் முடித்த தென்னிந்தியர்கள். வாக்குரிமையோ சமமான குடியுரிமையோ இல்லாத ஒரு மக்கள், தங்களை ஒடுக்கும் அரசுக்காக, தங்களைவிட மோசமாக ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எதிராக ஏன் ஆதரவு திரட்டினார்கள்? அந்த முடிவு யாருடையது, சுமை யாருடையது? காந்தியின் வாழ்க்கை வரலாறுகளில் இந்த நிகழ்வு பெரும்பாலும் அவருடைய ஆன்மிக மாற்றத்தின் ஒரு படியாக மட்டுமே சொல்லப்படுகிறது. அதைத் தமிழர்களின் பக்கமிருந்தும் ஜூலு மக்களின் பக்கமிருந்தும் பார்ப்பது அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை தொடர்ந்த இந்தக் கப்பல் போக்குவரத்தில் சுமார் 1,52,000 பேர் நேட்டாலுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். தமிழும் தெலுங்கும்தான் கரும்புத் தோட்டங்களின் பேச்சு. ஐந்து வருட ஒப்பந்தம்; முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங் கூலி, பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். ஒப்பந்தம் முடிந்தவர் ஊர் திரும்பலாம், மறுபடி ஒப்பந்தம் செய்யலாம், அல்லது அங்கேயே காய்கறி பயிரிட்டுப் பிழைக்கலாம். இந்த மூன்றாவது வழியை வெள்ளையர்கள் விரும்பவில்லை. 1893-இல் நேட்டால் தன்னாட்சி பெற்றதும் 1895-இல் ஒரு சட்டம் வந்தது: ஒப்பந்தம் முடித்து அங்கேயே தங்குபவர் ஆண்டுதோறும் மூன்று பவுண்டு கட்ட வேண்டும். 1903-இல் அந்த வரி பிள்ளைகள் மேலும் விழுந்தது. பதினாறு வயதுப் பையனும் பதின்மூன்று வயதுப் பெண்ணும் தனித்தனியே மூன்று பவுண்டு கட்ட வேண்டும். ஒப்பந்தக் கூலியின் முதல் வருட சம்பளம் மொத்தமே ஆறு பவுண்டுதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வரியின் கொடுமை விளங்கும். கட்ட முடியாதவர் மறுபடி தோட்டத்துக்கே போனார். வரியின் நோக்கமும் அதுவே.

இந்தக் கூலிகளுக்குப் பின்னால் சொந்தச் செலவில் வந்தவர்கள் குஜராத்தி வணிகர்கள். 1894 ஆகஸ்ட் 22-இல் நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கியவர்களும் அதன் சந்தாவைக் கட்டக்கூடியவர்களும் அவர்களே. அதே ஆண்டில் முதலாளியிடம் அடிபட்டு, பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியின் அலுவலகத்துக்கு வந்த பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலியின் கதை புகழ்பெற்றது. ஆனாலும் காங்கிரசின் கோரிக்கைகளில் வணிக உரிமமும் வாக்குரிமையுமே முன்வரிசையில் நின்றன. தோட்டத்துத் தமிழர்கள் அந்த அமைப்பின் சார்பில் பேசப்பட்டவர்கள். அதில் பேசியவர்கள் அல்லர்.

அரசுக்குத் தொண்டு செய்து உரிமை பெறலாம் என்ற நம்பிக்கை 1899-இல் போயர் போரிலேயே செயல் வடிவம் பெற்றுவிட்டது. அப்போது காயம்பட்டவர்களைத் தூக்க ஏறத்தாழ 1,100 இந்தியர்கள் போனார்கள். அவர்களில் 800 பேர் தோட்டங்களிலிருந்து முதலாளிகளின் அனுமதியோடு அனுப்பப்பட்ட ஒப்பந்தக் கூலிகள். கொலென்சோ, ஸ்பியன் கோப் போர்க்களங்களில் தூக்குப்படுக்கையைச் சுமந்த தோள்கள் பெரும்பாலும் அவர்களுடையவை. பதக்கம் தலைவர்களுக்கு வந்தது. போர் முடிந்தபின் டிரான்ஸ்வாலிலும் நேட்டாலிலும் இந்தியர் மீதான சட்டங்கள் கடுமையாயினவே தவிர இளகவில்லை.

1906-க்கு வருவோம். நேட்டாலில் அப்போது வெள்ளையர் சுமார் 97,000 பேர், இந்தியர் ஒரு லட்சம், ஆப்பிரிக்கர் ஒன்பது லட்சம். போருக்குப் பிந்தைய பொருளாதார மந்தத்தில் கஜானா வற்றியது. 1905-இல் வயதுவந்த ஒவ்வோர் ஆணுக்கும் ஒரு பவுண்டு தலைவரி விதிக்கப்பட்டது. எழுத்தளவில் சட்டம் நிறம் பார்க்கவில்லை. ஏற்கனவே குடிசை வரி கட்டுவோருக்கும் ஒப்பந்தக் காலத்தில் உள்ள கூலிகளுக்கும் விலக்கு உண்டு. நடைமுறையில் அது விழுந்தது மணமாகாத ஜூலு இளைஞர்களின் தலையில். சுரங்கத்திலும் நகரத்திலும் அவர்கள் சம்பாதித்த காசிலிருந்துதான் வீட்டுக் குடிசை வரியே கட்டப்பட்டு வந்தது. மாட்டுக் கொள்ளைநோயும் வெட்டுக்கிளியும் நில அபகரிப்பும் ஏற்கனவே ஒடித்திருந்த குடும்பங்களை இந்த ஒரு பவுண்டு எழ முடியாமல் செய்தது.

1906 பிப்ரவரியில் ரிச்மண்ட் அருகே வரி எதிர்ப்பு மோதலில் இரண்டு வெள்ளைப் போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். இராணுவச் சட்டம் வந்தது. பன்னிரண்டு ஆப்பிரிக்கர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. லண்டனிலிருந்து குடியேற்ற நாடுகளின் அமைச்சர் எல்கின் பிரபு அதை நிறுத்திவைக்கச் சொன்னதும் நேட்டால் அமைச்சரவை பதவி விலகியது, லண்டன் பின்வாங்கியது, ஏப்ரல் 2 அன்று பன்னிருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் கிரேடவுன் அருகே மபான்சா பள்ளத்தாக்கில் சோண்டி குலத் தலைவர் பம்பாத்தா போலீஸ் படையை மறித்துத் தாக்கினார். பிறகு இன்காண்ட்லா காட்டுக்குள் போனார்.

இந்த இடத்தில்தான் பொதுமக்கள் ஆதரவு நேட்டால் அரசுக்குத் தேவைப்பட்டது. பிரிட்டிஷ் பேரரசுப் படையைக் களத்தில் இறக்காமல், குடியேறிகளின் சொந்தப் படையையும் தொண்டர்களையும் வைத்தே அடக்கிக் காட்டி, தன்னாட்சிக்குத் தான் தகுதியானது என்று நிரூபிக்க அது விரும்பியது. ஏப்ரல் 14 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் காந்தி எழுதிய கருத்து இது: கலகம் நியாயமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று, நாம் நேட்டாலில் இருப்பதே பிரிட்டிஷ் ஆட்சியின் பலத்தால், ஆகவே இயன்ற உதவி செய்வது கடமை. ஏப்ரல் 24 அன்று டர்பனில் காங்கிரஸ் கூட்டம் கூடி, மருத்துவத் தொண்டுப்படை அனுப்ப முன்வந்தது. டர்பன் வெள்ளைச் சீமாட்டிகள் படைவீரர்களுக்காகத் தொடங்கிய நிதிக்கு இந்தியர்களும் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்று பத்திரிகை வற்புறுத்தியது. இந்தியர்களுக்கு நிரந்தரத் தொண்டர் படைப் பயிற்சி வேண்டும் என்ற கோரிக்கையும் அதன் பக்கங்களில் தொடர்ந்து வந்தது.

'இந்தியன் ஒப்பீனியன்' 1903 ஜூன் 4-இல் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் தொடங்கிய பத்திரிகை. தமிழ், இந்திப் பகுதிகள் 1906 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டன. தகுந்த ஆட்கள் இல்லாமையும் செலவும் காரணம். விளைவு என்ன? அரசுக்கு உதவுவோம் என்ற பிரசாரம் உச்சத்தில் இருந்த ஏப்ரல் முதல் ஜூலை வரை, படுக்கை சுமக்கப் போகிறவர்களின் மொழியில் அந்தப் பத்திரிகையில் ஒரு வரியும் இல்லை. சமூகத்தின் விசுவாசம் ஆங்கிலத்தில் அரசுக்கும் குஜராத்தியில் வணிகர்களுக்கும் அறிவிக்கப்பட்டது. மூன்று பவுண்டு வரி கட்டி நொந்த ஒருவருக்கு, ஒரு பவுண்டு வரியை எதிர்த்து எழுந்தவரைப் பற்றி என்ன தோன்றியிருக்கும் என்று கேட்டுப் பதிவு செய்ய அங்கே இடமே இல்லாமல் போயிற்று. இரண்டு வரிகளும் ஒரே அரசு, ஒரே காரணத்துக்காக, அதாவது உழைப்பாளியைக் கூலி வேலைக்குத் துரத்துவதற்காக, போட்டவை. இந்த உறவைத் தலைமை காணவில்லை என்பதே 1906-இன் மிகப் பெரிய தவறு என்று நான் கருதுகிறேன்.

இந்தியத் தொண்டுப்படை ஜூன் 22-இல் டர்பனிலிருந்து புறப்பட்டது. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பே, ஜூன் 10 அன்று, மோமே பள்ளத்தாக்கில் கர்னல் டங்கன் மெக்கென்சியின் படை விடியற்காலையில் கிளர்ச்சியாளர்களைச் சுற்றி வளைத்துப் பீரங்கியாலும் இயந்திரத் துப்பாக்கியாலும் நூற்றுக்கணக்கில் கொன்று முடித்திருந்தது. பம்பாத்தாவும் அங்கே மாண்டார் என்று அரசு அறிவித்தது. மிஞ்சியது மபுமுலோ பகுதியில் நடந்த வேட்டை. சார்ஜென்ட் மேஜர் காந்தி, அவருக்குக் கீழே சார்ஜென்ட்களாக மூன்று குஜராத்திகள் என்பது படையின் அமைப்பு. அன்றைய பதிவுகள் இருபது பேர் என்கின்றன. பிற்காலத்தில் எழுதிய சுயசரிதை இருபத்துநான்கு என்கிறது. சாதாரணத் தொண்டர்களின் பட்டியலில் அப்பாசாமி, முத்துசாமி, குப்புசாமி என்ற பெயர்களைப் படிக்கும்போது எவரும் நம் ஊர்த் தெருக்களை நினைக்காமல் இருக்க முடியாது. ஒப்பந்தம் முடித்த தென்னிந்தியர்களே படையின் பெரும்பகுதி என்று சுயசரிதையும் சொல்கிறது.

களத்தில் அவர்கள் கண்டது போரன்று. மருத்துவ அதிகாரி அவர்களிடம் ஒப்படைத்த ஜூலுக்களில் பெரும்பாலோர் குண்டடி பட்டவர்கள் அல்லர். சந்தேகத்தின் பேரில் பிடித்துக் கசையடி கொடுக்கப்பட்டவர்கள். முதுகுப் புண்கள் பல நாள் கவனிப்பாரின்றிச் சீழ் பிடித்திருந்தன. வெள்ளையர்கள் அவர்களுக்குப் பணிவிடை செய்ய விரும்பவில்லை. வேலிக்கு அப்பால் நின்ற சிப்பாய்கள், இவர்களுக்கு ஏன் மருந்து போடுகிறீர்கள் என்று ஏசினார்கள். நண்பர்கள் என்று அரசே வில்லை கொடுத்து அடையாளப்படுத்தியிருந்த ஜூலுக்களும் தவறுதலாகச் சுடப்பட்டு வந்தார்கள். சில நாட்களில் நாற்பது மைல் வரை மலைப்பாதையில் நடக்க வேண்டியிருந்தது. ஒருவருக்கொருவர் மொழி தெரியாத நிலையில், தோட்டத்து முதலாளியின் சவுக்கை அறிந்த கைகள் அரசாங்கச் சவுக்கு கிழித்த முதுகுகளைக் கழுவிக் கட்டுப்போட்டன. இந்தப் பணியின் மனிதத் தன்மையை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர்களை அங்கே அனுப்பிய தீர்மானத்தின் நோக்கம் அதுவன்று. கசையடி கொடுத்தவர்களுக்கு உதவுவதே நோக்கம். ஜூலை நடுவில் படை கலைக்கப்பட்டது. அந்த ஆண்டு முழுவதுமாக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் கொல்லப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறை போனார்கள். வெள்ளையர் தரப்பில் மாண்டவர்கள் சில பத்துப் பேர்.

காந்தி பிற்காலத்தில் அதை மனித வேட்டை என்றே எழுதினார். ஜூலுக்கள் இந்தியருக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை என்றும், பேரரசு உலக நன்மைக்காக இருக்கிறது என்று அப்போது நம்பியதே தன்னைச் செலுத்தியது என்றும் ஒளிக்காமல் சொன்னார். பலன் எதிர்பார்த்த தலைவர்களுக்குப் பதில் உடனே கிடைத்தது. படை திரும்பி ஐந்து வாரத்தில், 1906 ஆகஸ்டில், ஆசியர் அனைவரும் விரல் ரேகை பதித்துச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற அவசரச் சட்ட வரைவை டிரான்ஸ்வால் அரசு வெளியிட்டது. செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் கூடியவர்கள் அதற்குப் பணிவதில்லை என்று உறுதி எடுத்தார்கள்.

அதே நாட்களில், காந்தியின் பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓலாங்கே பள்ளியை நடத்தி வந்தவர் ஜான் டூபே. 1903-இல் 'இலங்கா லாசே நேட்டால்' பத்திரிகையைத் தொடங்கியவர். எழுச்சி ஆண்டில் தம் ஜூலு மக்களின் குறைகளை எழுதியதற்காக ஆளுநரால் அழைக்கப்பட்டு எச்சரிக்கப்பட்டார். அக்கம்பக்கத்தில் அச்சான இரண்டு பத்திரிகைகள். ஒன்றால் விசுவாசத்தைக் காட்ட முடிந்தது, மற்றது குறையைச் சொன்னாலே அதற்குக் கேள்வி வந்தது.

விசுவாசம் காட்ட வேண்டிய இந்தச் சிக்கல் நேட்டாலோடு முடிவதில்லை. 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் ஐந்தாம் காலாட்படையின் இந்திய முஸ்லிம் சிப்பாய்கள் கலகம் செய்தபோது, ஜப்பானிய, பிரெஞ்சு, ரஷ்யக் கப்பல் படைகள் பிரிட்டிஷாருக்குத் துணை வந்தன. ஜப்பானியக் குடிமக்கள் சிறப்புக் காவலர்களாகச் சேர்ந்தார்கள். மார்ச்சில் அவ்வூர் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கூடி அரசுக்கு விசுவாசம் அறிவித்தார்கள். பிழைக்க வந்த சமூகம் ஒன்றின் மேல் சந்தேகம் விழும்போது, அதன் தலைவர்கள் மேடை போட்டு விசுவாசம் சொல்லும் பழக்கம் அச்சத்தில் பிறந்தது. நேட்டாலில் அச்சத்தோடு பேரமும் கலந்திருந்தது.

தோட்டத்துத் தமிழர்கள் தங்கள் சொந்தக் குரலில் பேசியது 1913-இல். மூன்று பவுண்டு வரியை எதிர்த்து அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் நவம்பரில் கரையோரக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. இந்த முறை துப்பாக்கி அவர்கள் பக்கம் திரும்பியது; தோட்டங்களில் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்தப் போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தார். அந்த ஆண்டே மூன்று பவுண்டு வரி ஒழிந்தது. ஆப்பிரிக்கர் மீதான தலைவரியோ ஒழியவில்லை. 1925-இல் நாடு முழுவதும் ஒவ்வோர் ஆப்பிரிக்க ஆணுக்கும் ஒரு பவுண்டு என்று விரிந்தது.

அந்த வரியையும் நில, குடியுரிமைத் தடைகளையும் இரு மக்களும் சேர்ந்து எதிர்க்க வேண்டும் என்பதை நேட்டால் இந்தியக் காங்கிரஸ் ஏற்க, வணிகர்களின் பழைய தலைமையை 1945-இல் தொழிற்சங்கத்தாரும் படித்த இளைஞர்களும் தேர்தலில் அகற்ற வேண்டியிருந்தது. புதிய தலைவராக வந்த டாக்டர் ஜி. எம். நாயக்கர், டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரசின் டாக்டர் யூசுஃப் தாதூவோடும் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் தலைவர் டாக்டர் சூமாவோடும் 1947 மார்ச் 9 அன்று கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார். அனைவருக்கும் வாக்குரிமை, நில உரிமை, தடையற்ற நடமாட்டம் என்பன அதன் கோரிக்கைகள்.