நீரே துருத்தியான வரலாறு

கொல்லன் உலைக்குத் துருத்தி எவ்வளவு இன்றியமையாததோ, கோயில் ஆர்மோனியத்துக்கும் அது அவ்வளவு இன்றியமையாதது. ஒன்றில் ஆட்டுத்தோல், மற்றொன்றில் மடிப்பு அட்டையும் துணியும். இரண்டும் செய்யும் பணி ஒன்றுதான். எங்கும் பரந்து கிடக்கும் காற்றைப் பிடித்து, அடைத்து, நெருக்கி, ஒரு சிறு வாய் வழியே செலுத்துவதே அப்பணி. நெருக்குண்ட காற்று உலையில் புகுந்தால் இரும்பு இளகும். குழலில் புகுந்தால் இசை பிறக்கும். பாறையைத் துளைக்கும் கருவியில் புகுந்தால் மலையும் வழிவிடும்.

இந்தக் காற்றை நெருக்குவதற்கு மனிதன் தன் கையையும் காலையும் மட்டுமே நம்பியிருந்த காலம் உண்டு. அந்தப் பாரத்தை அவன் ஓடும் நீரின் தோளில் இறக்கி வைத்த வரலாற்றையே இங்கு எழுத விழைகிறேன். விழா மலரில் எந்திரக் கதை எதற்கு என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். இக்கதையில் திருத்தந்தையரின் தோட்டம் வருகிறது; ஓர் இயேசு சபைக் குருவும் இன்னொரு இத்தாலியக் குருவும் வருகின்றனர்; பிரெஞ்சு நாட்டு உலைக்களங்கள் வருகின்றன; முடிவில் நம் காவிரியும் வருகிறாள். இவை யாவற்றுக்கும் மேலாக, மூச்சுக்குத் தவித்து உழைத்த எளிய மனிதரின் பாடு இதில் அடங்கியிருக்கிறது.

கவிழ்த்த குடம்

ஒரு செம்பைக் கவிழ்த்து, வாய் கீழாகவே குளத்தில் அமிழ்த்திப் பாருங்கள். உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியின்றிச் சிறைப்படும்; சுற்றியுள்ள நீர் அதை அழுத்திக்கொண்டே இருக்கும். நம் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த க்டெசிபியுஸ் என்பவருக்கோ இதுவே ஓர் இசைக்கருவியாயிற்று. இவர் ஒரு நாவிதரின் மகன் என்று உரோமைக் கட்டடக் கலைஞர் வித்ருவியுஸ் எழுதி வைத்திருக்கிறார்.

நீர்த்தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த ஒரு கலத்தினுள், கையால் இயக்கும் பம்பு கொண்டு காற்றைச் செலுத்தினார் க்டெசிபியுஸ். பம்பு அடிப்பவரின் கை தளர்ந்தாலும் விரைந்தாலும், தொட்டி நீரின் எடை காற்றின் அழுத்தத்தைச் சீராக வைத்திருந்தது. அக்காற்று குழல்களில் சென்று ஒலித்தது. இன்றைய ஆர்கன் வாத்தியத்தின் முன்னோடி இதுவே. இவ்வகையில் கி.பி. 228ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் ஆர்கனின் எஞ்சிய பகுதிகள் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகர்ப் பகுதியில் 1931இல் கிடைத்தன. எனினும், இங்கே நீர் காவலாளி மட்டுமே. காற்றை உள்ளே தள்ளியது மனிதக் கைதான்.

திவோலித் தோட்டத்து ஆர்கன்

கையின் துணையின்றி நீரே காற்றைத் தள்ளிய காட்சியைக் காண, உரோமை நகருக்கு அருகிலுள்ள திவோலிக்குச் செல்ல வேண்டும். கர்தினால் இப்போலித்தோ தெஸ்தே அங்கே ஒரு மாளிகையும் நீரூற்றுத் தோட்டமும் அமைத்தார். அனியேனே ஆற்று நீரை அத்தோட்டத்துக்குத் திருப்பினார். அங்கே 1571இல், பிரான்சிலிருந்து வந்த கைவினைஞரின் உழைப்பால், நீரால் ஒலிக்கும் ஆர்கன் ஒன்று நிறைவுற்றது. உயரத்திலிருந்து நீர் வேகமாக விழுந்து மூடிய அறை ஒன்றில் பாயும். விழும் நீர் தன்னோடு காற்றையும் இழுத்து வரும். அறையில் நீர் கீழே தங்க, காற்று மேலே திரண்டு குழல்களுக்குள் செல்லும். வேறொரு நீரோட்டம் சக்கரத்தைச் சுழற்றிக் கட்டைகளை அமுக்கும். வாசிப்பவர் எவரும் இல்லை. துருத்தி இழுப்பவரும் இல்லை.

1572இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி அதைக் காண வந்தார். 1582இல் நாட்காட்டியைச் சீர்திருத்திய அதே திருத்தந்தை இவர். உள்ளே யாரோ ஒளிந்திருந்து வாசிக்கிறார்கள் என்றே வந்தவர்கள் ஐயுற்றனராம். காலப்போக்கில் பழுதுற்றுப் பேசாதிருந்த அந்த ஆர்கன், 2003இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் ஒலிக்கத் தொடங்கியது.

உரோமையில் திருத்தந்தையரின் குயிரினால் தோட்டத்திலும் இத்தகைய ஆர்கன் ஒன்று எழுந்தது. நீரும் காற்றும் பிரியும் அந்த அறையை 1650இல் அச்சான தம் இசை நூலில் படத்துடன் விளக்கியவர் இயேசு சபைக் குரு அத்தனாசியுஸ் கிர்ச்சர். கிர்ச்சர் அடிகள் உரோமையில் இறந்தது 1680 நவம்பரில். அதே மாதத்தில்தான் இத்தாலியின் கஸ்திலியோனே என்னும் ஊரில் கொன்ஸ்தான்சோ பெஸ்கி பிறந்தார். அவரே நம் வீரமாமுனிவர்.

கொல்லர் கண்ட நீர்த்துருத்தி

தோட்டத்தில் செல்வருக்கு இசையூட்டிய அதே நுட்பம், மலைச்சரிவில் ஏழைக் கொல்லருக்குக் கைகொடுத்தது. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடைப்பட்ட பிரனே மலைத்தொடரில் இரும்பு உருக்கும் உலைக்களங்கள் பல இருந்தன. அங்கே பயன்பட்ட கருவிக்குப் பிரெஞ்சு மொழியில் ‘த்ரோம்ப்’ என்று பெயர். நாம் நீர்த்துருத்தி என்று அழைக்கலாம்.

அதன் அமைப்பு மிக எளிது. மேட்டில் ஒரு நீர்த்தொட்டி. அதன் அடியிலிருந்து செங்குத்தாக இறங்கும் ஒரு மரக்குழாய். குழாயின் கழுத்து சற்றுக் குறுகலானது. அதற்குச் சற்றுக் கீழே சாய்வான சிறு துளைகள். நீர் குறுகிய கழுத்தைக் கடந்து பாய்கையில், அத்துளைகள் வழியே வெளிக்காற்றை உறிஞ்சி இழுத்துக்கொண்டு விழும். கீழே மூடிய பெட்டியொன்றில், ஒரு கல்லின் மீதோ பலகையின் மீதோ மோதிச் சிதறும். அப்போது குமிழிகள் உடைந்து காற்று மேலே பிரியும். நீர் அடிவாய் வழியே வெளியேறும்; ஆனால் காற்று அந்த வழியே தப்பாதபடி நீரே தாழ்ப்பாளாக நிற்கும். அடைபட்ட காற்றுக்கு உள்ள ஒரே வழி, உலைக்குச் செல்லும் ஊதுகுழல்தான்.

தோல் துருத்தியை இழுத்தவர்களை நம் ஊர்களில் நாம் அறிவோம். கொல்லரின் மனைவியோ, பள்ளிக்குச் செல்ல வேண்டிய மகனோ உலையருகே அமர்ந்து வெப்பத்தில் வெந்துகொண்டே இழுப்பார்கள். துருத்தியின் மூச்சு நின்றால் உலை அவிந்துவிடும். நீர்த்துருத்திக்கோ சோர்வில்லை. அது இரவும் பகலும் ஒரே சீராக ஊதும். கிழிவதற்குத் தோல் இல்லை. தேய்வதற்கு அச்சு இல்லை. ஆகவே பிரனே மலைச்சாரலில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இது வழக்கில் இருந்தது.

குரு ஒருவரின் விளக்கம்

கொல்லர்கள் இதைக் கட்டினார்களே தவிர, காற்று எங்கிருந்து வருகிறது என்பதில் கற்றவர்களே நெடுநாள் குழம்பினர். நீர்தான் மோதிச் சிதறிக் காற்றாக மாறுகிறது என்று எண்ணியோரும் உண்டு. இக்குழப்பத்தைத் தீர்த்தவர் ஜொவான்னி பத்தீஸ்தா வெந்தூரி. 1769இல் குருப்பட்டம் பெற்ற இவர் மொதேனா நகரில் பேராசிரியராக இருந்தார். 1797இல் பாரிசில் வெளியிட்ட ஆய்வு நூலில், விரைந்து பாயும் நீர் தன் வேகத்தைப் பக்கத்திலுள்ள பொருளுக்கும் பகிர்ந்து கொடுத்து அதையும் உடன் இழுத்துச் செல்லும் என்பதைச் சோதனைகளால் காட்டினார். உலைக்களத்து நீர்த்துருத்தியையும் அவ்வாறே விளக்கினார்.

வெந்தூரியின் பெயரை நாம் கேள்விப்படாதிருக்கலாம். ஆனால் வீட்டுக் கிணற்றில் ஜெட் பம்பு வைத்திருப்பவர்கள் அவர் விளக்கிய விதியைத்தான் பயன்படுத்துகிறார்கள். அங்கே குறுகிய மூக்கு வழியே பாயும் நீர், கிணற்று நீரைத் தன்னோடு இழுத்து மேலேற்றுகிறது. பெயர் தெரியாத கொல்லர்கள் முதலில் செய்தார்கள். படித்த குரு பின்னால் வந்து பொருள் சொன்னார். இந்த வரிசையை நாம் மறக்கலாகாது.

ஆல்ப்ஸ் மலையின் அடிவயிற்றில்

1857இல் பிரான்சு எல்லைப் பக்கத்து மொதான் ஊருக்கும் இத்தாலியின் பர்தொனேக்கியா ஊருக்கும் இடையே, ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து இரயில் பாதை அமைக்கத் தொடங்கினர். நீளம் 12 கிலோமீட்டருக்கும் அதிகம். தலைக்கு மேலே ஒரு மைல் உயர மலை இருந்தபடியால், இடையிடையே கிணறு தோண்டிக் காற்று விட வழியில்லை. உளியும் சுத்தியலும் கொண்டு குடைந்தால் ஒரு தலைமுறை கடந்துவிடும். நீராவி எந்திரத்தை உள்ளே கொண்டு சென்றால் அதன் புகையே தொழிலாளரைக் கொன்றுவிடும்.

வழி கண்டவர் சவோய் நாட்டில் பிறந்த பொறியாளர் ஜெர்மென் சொமெய்யே. மலையோடைகளின் நீரைச் சுமார் 26 மீட்டர் உயரத்திலிருந்து இறக்கினார். அந்த நீர்த்தூணின் மோதலால் காற்றை ஆறில் ஒரு பங்காக நெருக்கினார். நெருக்கிய காற்றைக் குழாய் வழியே சுரங்கத்தின் முனைக்கு அனுப்பித் துளைக்கருவிகளை இயக்கினார். பர்தொனேக்கியா பக்கத்தில் 1861இல் இது வேலை செய்யத் தொடங்கியது. துளைக்கருவியை இயக்கி முடித்த காற்று சுரங்கத்துக்குள்ளேயே விடுபட்டது. பாறையை உடைத்த காற்றையே தொழிலாளர் சுவாசித்தனர்.

பின்னர் இம்முறைக்குப் பதிலாக நீர்ச்சக்கரத்தால் இயங்கும் பம்புகள் வந்தன. அப்போதும் உழைத்தது நீர்தான். 1870 கிறிஸ்துமஸ் நாட்களில் இரு பக்கத்தாரும் மலையின் நடுவே ஒருவரை ஒருவர் கண்டனர். 1871 செப்டம்பரில் பாதை திறக்கப்பட்டது. அதைக் காணும் பேறு சொமெய்யேவுக்குக் கிட்டவில்லை. அதே ஆண்டு ஜூலையில் அவர் காலமாகிவிட்டார். இலண்டனிலிருந்து இந்தியாவுக்கு வந்த தபால் மூட்டைகள் அதன்பின் அம்மலையின் வழியாகவே இத்தாலியத் துறைமுகத்தை அடைந்து கப்பலேறின.

அசையும் உறுப்பே இல்லாத எந்திரம்

கொல்லரின் நீர்த்துருத்தி இதனோடு மறைந்துவிடவில்லை. கனடா நாட்டில் சார்லஸ் ஹாவ்லாக் டெய்லர் என்னும் பொறியாளர் அதைப் பேருருவாக்கினார். முதலில் 1896இல் மேகாக் என்ற ஊரின் பஞ்சாலைக்கு ஒன்றை அமைத்தார். பின்னர் 1910இல் கோபால்ட் நகர வெள்ளிச் சுரங்கங்களுக்காக, மொன்றியல் ஆற்றின் ராகெட் சூட்ஸ் அருவியருகே மாபெரும் அமைப்பு ஒன்று எழுந்தது. அங்கே காற்றுக் குமிழிகளோடு நீர் 350 அடி ஆழமான கிணற்றுக்குள் இறங்கும். பாறையைக் குடைந்த நீண்ட அறையில் காற்று பிரியும். நீர் வேறு வழியே மேலேறி மீண்டும் ஆற்றில் சேரும். நெருக்குண்ட காற்று குழாய் வழியே பல மைல் தொலைவிலுள்ள சுரங்கங்களுக்குச் செல்லும்.

சுழலும் சக்கரமோ, ஏறி இறங்கும் தண்டோ அதில் இல்லை. 1981 வரை, எழுபது ஆண்டுகளுக்கு மேலாக, அது உழைத்தது. காற்று குளிர்ந்த நீரோடு கலந்தே நெருக்கப்படுவதால் சூடேறுவதுமில்லை. ஆனால் குறையொன்றும் உண்டு. காற்றிலுள்ள பிராணவாயுவின் ஒரு பகுதி நீரில் கரைந்துவிடும். அதனால் அக்காற்று கருவிக்கு ஏற்றதாயினும், மனிதரின் மூச்சுக்குச் சற்று மெலிந்ததே. 2017இல் கனடாவின் சட்பரி நகரில் இதே முறையில் சோதனை நிலையமொன்றை அமைத்து ஆராயத் தொடங்கினர். பழையது மீண்டும் பள்ளிக்கூடம் வந்திருக்கிறது.

காவிரியின் கடைமடையில்

இத்தகைய நீர்த்துருத்தி நம் காரைக்காலில் ஏன் எழவில்லை? பிரெஞ்சுக்காரர் 1739இல் இங்கு வந்தனர்; 1954இல் ஆட்சியை விட்டு நீங்கினர். அவர்கள் நாட்டு மலைக்கொல்லர் அறிந்த கருவி, இங்கே மட்டும் ஏன் பயன்படவில்லை? விடை நம் கண்முன்னே இருக்கிறது. அரசலாறும் திருமலைராயனாறும் இங்கே விழுவதில்லை, நடக்கின்றன. நீர்த்துருத்தி விழுங்குவது நீரையன்று, உயரத்தை. அந்த உயரம் நம்மிடம் இல்லை. ஆகவே நம் கொல்லர்கள் ஆட்டுத்தோலையும் தம் குடும்பத்தாரின் கைகளையுமே நம்ப வேண்டியிருந்தது.

நம் காவிரி தன் உயரத்தை வேறிடங்களில் செலவிட்டு விட்டே இங்கு வருகிறாள். மைசூர் நாட்டில் சிவசமுத்திர அருவியில் 1902இல் மின் நிலையம் அமைந்தது. அந்த மின்சாரம் சுமார் 92 மைல் கம்பி வழியே சென்று கோலார் தங்கவயலின் எந்திரங்களை இயக்கிற்று. உயரத்திலிருந்து விழும் நீரின் ஆற்றலைக் காற்றாக மாற்றிக் குழாயில் அனுப்புவதைவிட, மின்சாரமாக மாற்றிக் கம்பியில் அனுப்புவது எளிதாயிற்று. நீர்த்துருத்தி உலகெங்கும் ஒதுங்கியதற்குக் காரணமும் இதுவே.

ஒன்றை மட்டும் கருத்தில் கொள்வோம். சிவசமுத்திரத்தில் விழுந்து உழைத்ததால் காவிரியில் ஒரு துளி நீரும் குறைந்துவிடவில்லை. குறைந்தது உயரம் மட்டுமே. மலையில் சுரங்கத் தொழிலாளிக்குத் துணை நின்ற அதே நீர், சமவெளியில் உழவனின் நாற்றங்காலில் நிற்க முடியும், வழியில் யாரும் மறிக்காதிருந்தால். உயரத்தின் பயனை மேலே உள்ளவர்கள் பெறட்டும். நீரின் பயன் கடைமடை வரை வந்து சேர வேண்டும்.

ஆற்றில் நீர் வரும் காலத்தில் மதகருகே நின்று பாருங்கள். பலகையைத் தாண்டி விழும் நீர் வெண்ணுரையாகி உள்ளே அமிழும். சற்றுத் தள்ளிக் குமிழிகள் மேலே வந்து உடையும். நீர் காற்றைப் பிடித்துக் கீழே கொண்டு சென்று விடுவிக்கிறது. திவோலியின் இசையும், பிரனே மலையின் இரும்பும், ஆல்ப்ஸ் மலையின் வழியும் அந்தக் குமிழிகளிலிருந்தே பிறந்தன என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.