விரல் நுனியில் இலக்கணம்

'சிதம்பரம்' என்று பொறிக்க எத்தனை விசைகளைத் தட்ட வேண்டும்? எண்ணிப் பார்ப்போமா?

தமிழ் எழுத்துகள் 247. தட்டச்சுப் பொறியிலோ ஐம்பது விசைகள்கூட இல்லை. இச்சிக்கலைத் தீர்த்தவர், 1886-ல் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா. அவர் கண்ட உத்தி 'நகரா விசை'. புள்ளியைத் தட்டினால் உருளை நகராது. அடுத்துத் தட்டும் 'ம' அதன் கீழேயே பதிந்து 'ம்' ஆகிவிடும். இம்முறையில் சிதம்பரத்துக்கு 9 தட்டுகள்.

1999-ல் தமிழக அரசு 'தமிழ் 99' விசைப்பலகையை அறிவித்தது. இதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கு. மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. அத்துடன் கணிப்பொறிக்கு ஓர் இலக்கண விதியும் புகட்டப்பட்டது. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தால் புள்ளி தானே விழும். ஆகவே ச, இ, த, ம, ப, ர, ம, புள்ளி என 8 தட்டுகளே போதும். ஒரே மெய் இரட்டித்தாலும் இவ்வாறே. 'மமதை' போன்ற சொற்களில் மட்டும் முதல் மகரத்தை அடுத்து 'அ'வைத் தட்டிப் புள்ளியைத் தடுக்க வேண்டும்.

இன்று பலர் ஆங்கில எழுத்துகளைத் தட்டியே தமிழை வரவழைக்கின்றனர். சிதம்பரத்தின் ஆங்கில எழுத்துகளோ 11! வகுப்பில் கற்ற இன எழுத்துகளை விரலுக்கும் கற்பித்துப் பாருங்கள். விரலோடு சிந்தனையும் தமிழிலேயே நடக்கும்.