நீர் சுமந்த தோணிகள்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையே அமைந்த சிற்றூர் சேரப்பணஞ்சேரி. ஏரியும் வயலுமாக இருந்த இவ்வட்டாரம், திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பேட்டைகளின் வளர்ச்சியால் ஒரு தலைமுறைக்குள் முகம் மாறிவிட்டது. நிலம் விற்றவர்கள், அறை கட்டி வாடகைக்கு விடுபவர்கள், ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர்கள், அவர்களிடம் கூலி பெறும் வெளிமாநில இளைஞர்கள் எனப் பலதரப்பட்டோர் இன்று அங்கே அருகருகே வாழ்கின்றனர். இத்தகைய வட்டாரத்தில் ஞாயிறு திருப்பலிக்கு ஒப்பந்தக்காரரும் வருவார். அவரிடமிருந்து கூலி வரவேண்டியவரும் வருவார். அன்றைய வாசகம் நியாயமான கூலியைப் பற்றியதாக இருந்தால் மறையுரையாளர் என்ன செய்வார்? உரத்துக் கண்டித்தால் ஒருவர் அடுத்த வாரம் வரமாட்டார். மென்று விழுங்கினால் மற்றவர் வந்தும் பயனில்லை.

இந்தத் தடுமாற்றம் இன்று தோன்றியதன்று. ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்கு முன், தமிழகத்தின் தென்கோடியில், புனித பிரான்சிஸ் சவேரியாரும் இதே கேள்வியின் முன் நின்றார்.

1542-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கிருந்த பரதவ மக்கள் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் திருமுழுக்குப் பெற்றிருந்தனர்; மறையறிவு ஊட்டுவார் அரிதாயினர். சவேரியார் மொழி அறிந்தோரின் துணையோடு மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாய்ச் சென்று குழந்தைகளைக் கூட்டினார். 1544-இல் அவர் தம் உடன்பணியாளர் மான்சிலாசுக்கு மணப்பாடு, புன்னைக்காயல் முதலிய ஊர்களிலிருந்து எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஓய்வின்றி அலைந்த ஒருவர் அவசர அவசரமாக எழுதிய குறிப்புகள் அவை. ஆதலால் அவற்றில் ஒப்பனை இல்லை.

புனிதரிடமும் கடுமை இருந்ததை அக்கடிதங்கள் மறைப்பதில்லை. சாராயம் குடிக்கும் பெண்களைக் காட்டிக்கொடுப்போருக்குப் பணமும், குடித்தவர்களுக்கு மூன்று நாள் காவலும் விதிக்கச் சொன்னவர் அவர். இன்று அம்முறையை நாம் பின்பற்ற மாட்டோம்; பின்பற்றவும் கூடாது. ஆனால் அதே கடிதங்களில் வேறொரு குரல் திரும்பத் திரும்பக் கேட்கிறது. தீய பிள்ளைகளை நல்ல தந்தை பொறுத்துக்கொள்வதுபோல இம்மக்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர்களுடைய அன்பைப் பெற்றால்தான் அவர்களிடையே நன்மை செய்ய இயலும் என்று மான்சிலாசை அவர் வேண்டிக்கொண்டே இருக்கிறார்.

அந்தப் பேச்சுக்குச் சோதனை விரைவில் வந்தது. 1544 ஜூனில் வடுகப் படையினர் கடற்கரை ஊர்களைச் சூறையாட, மக்கள் குமரிமுனைப் பாறைகளுக்கு ஓடிப் பசியாலும் தாகத்தாலும் வாடினர். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவேற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று அத்தோணிகளைக் கரைசேரவிடாமல் தடுத்தது; பின்னர் அவர் தரைவழியே நடந்து சென்றார். குடித்ததற்காகக் கண்டித்தவர், பசித்தபோது சோறு சுமந்து சென்றார். அதன்பின் அவருடைய கண்டிப்பை மக்கள் வேறுவிதமாகவே கேட்டிருப்பார்கள் அல்லவா?

எளியோரிடம் கண்டிப்பும் கனிவும் காட்டுவது ஒரு பக்கம். வலியோரிடம் அவர் எவ்வாறு நடந்தார்? தூத்துக்குடியில் போர்த்துக்கீசியத் தலைவராக இருந்தவர் கொஸ்மே தெ பைவா. அவருடைய பேராசையால் மக்கள் பட்ட துன்பம் சவேரியாரை வாட்டியது. இருவருக்கும் பகை முற்றியது. 1544 செப்டம்பரில் வடுகப் படை பைவாவையே தாக்கி, அவருடைய வீட்டையும் கப்பலையும் எரிக்க, அவர் தீவுக்கு ஓடித் தப்பினார். செய்தி கேட்ட சவேரியார் மகிழவில்லை. தாம் நேரில் போனால் பகைவர் ஏற்கமாட்டார் என்று அறிந்து, புன்னைக்காயல் தோணிகளில் உணவும், சிறப்பாகத் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு உடனே விரையுமாறு மான்சிலாசுக்கு எழுதினார். பிற ஊர்ப் பட்டங்கட்டிகளுக்கும் உதவி கேட்டுக் கடிதம் போயிற்று.

கதை இத்துடன் முடிந்திருந்தால், இரக்கம் உண்மையை விழுங்கிவிட்டது என்போம். முடியவில்லை. 1545 ஏப்ரலில், மயிலாப்பூருக்கு வரும் வழியில், நாகப்பட்டினத்திலிருந்து சவேரியார் மீண்டும் எழுதினார். பைவா கடற்கரையில் செய்த கொள்ளைகளின் சுமையிலிருந்து தம் மனச்சான்றை விடுவித்துக்கொள்ள மான்சிலாசு உதவ வேண்டும். தகாத வழியில் பெற்ற பணத்தைத் திருப்பிக்கொடுக்குமாறு, அவருடைய நற்பெயரில் அக்கறை உள்ள நண்பராக நின்று அறிவுறுத்த வேண்டும் என்றார். மன்னருக்கும் ஆளுநருக்கும் தாம் எழுதப்போவதையும் அவரிடம் சொல்லச் சொன்னார். தண்ணீர் அனுப்பிய அதே கை, கணக்கையும் கேட்டது.

இந்த அனுபவத்தின் சாரத்தை 1549-இல், பாரசீக வளைகுடாவின் வாயிலில் உள்ள ஓர்முசுக்குச் சென்ற காஸ்பர் பார்சேயு அடிகளுக்கு அவர் அளித்த அறிவுரையில் காண்கிறோம். பதவியில் இருப்பவரை மறையுரை மேடையிலிருந்து கண்டிக்க வேண்டாம். அவருடைய இல்லத்திலோ பாவசங்கீர்த்தனத்திலோ தனியே சொல்லுங்கள் என்கிறார். நட்பு வளர வளர அஞ்சாமல் கண்டிக்கலாம். முகமலர்ச்சியோடும் அன்போடும் சொல்லுங்கள் என்றும் கூறுகிறார். ஊரறியத் தாக்கப்பட்டவர் திருந்துவதில்லை, இறுகிப் போகிறார் என்பதை அவர் கண்டிருந்தார்.

இதனைத் தவறாகப் புரிந்துகொள்ளலாகாது. தனியே சொல்வது மூடிமறைப்பதற்கு வழியன்று. பைவாவிடம் தனியே சொல்லச் சொன்னவர், பணம் திரும்பவேண்டும் என்பதில் தளரவில்லை. தாவீது அரசரின் முன் நின்ற நாத்தானும் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதையில் தொடங்கினார். ஆனால் அந்த மனிதன் யார் என்று சொல்லாமல் அரண்மனையை விட்டு வெளியேறவில்லை.

எனவே ஒரகடம் சாலையோரம் மறையுரை ஆற்றுபவருக்கும், அதனைக் கேட்கும் நமக்கும் இப்புனிதர் விட்டுச்சென்ற பாடம் எளிது, பின்பற்றுதல் கடினம். நியாயக் கூலியைப் பற்றி மேடையில் தெளிவாகப் பேசலாம். பெயரைச் சுட்டவேண்டிய உண்மையை வீட்டுத் திண்ணையில் சொல்லலாம். ஆனால் கூலி கிடைக்காதவர் நோயுற்றுக் கிடக்கும் அறைக்குள்ளும், ஒப்பந்தக்காரர் கடனில் தவிக்கும் வீட்டுக்குள்ளும் முன்பே நுழைந்தவராக அவர் இருக்கவேண்டும். அந்த நடை இல்லாதபோது கடிந்துரை வெறும் ஓசை. நடை மட்டும் இருந்து உண்மை வாயில் இல்லாதபோதோ, வரவேண்டிய கூலி ஏழையின் கைக்கு வந்து சேர்வதில்லை.