ஒரு எண்ணுக்கு இரண்டு தேதிகள்

2008ஆம் வருடத்தின் கடைசி மூன்று மாதங்களில் அமெரிக்கப் பொருளாதாரம் எத்தனை சதவீதம் சுருங்கியது? பரீட்சையில் வரும் ஒரு மார்க் கேள்வி மாதிரி இருக்கிறது அல்லவா? ஆனால் அமெரிக்க அரசே இதற்குப் பல விடைகள் தந்திருக்கிறது. 2009 ஜனவரி 30 அன்று சொன்ன விடை 3.8 சதவீதம். பிப்ரவரி 27 அன்று அது 6.2 ஆனது. மார்ச்சில் 6.3. 2011 ஜூலையில் 8.9! (எல்லாமே ஆண்டு வீதம். அதாவது அந்த மூன்று மாத வேகத்திலேயே ஒரு வருடம் முழுக்கப் போனால் எவ்வளவு என்ற கணக்கு.)

இதில் மோசடி எதுவும் இல்லை. ஒரு காலாண்டு முடிந்து ஒரே மாதத்தில் முதல் மதிப்பீடு வெளியாகிறது. அப்போது கடைசி மாதத்தின் சரக்கு இருப்பு, ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகள் முழுதாக வந்திருக்காது. இல்லாத இடங்களை ஊகித்து நிரப்புகிறார்கள். பிறகு உண்மைக் கணக்கு வர வர எண் மாறுகிறது. நம்மூர்க் கடைகளில் வருடக் கணக்கை முடிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. புது எண் வந்ததும் பழைய எண் எங்கே போகிறது?

தபாலில் போன எண்கள்

அமெரிக்காவின் மத்திய வங்கி அமைப்பான ஃபெடரல் ரிசர்வில் 12 வட்டார வங்கிகள் உண்டு. அவற்றில் ஒன்று மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கிறது. 1958இல் அங்கே ஹோமர் ஜோன்ஸ் என்பவர் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரானார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய மில்டன் ஃப்ரீட்மனுக்குக் கல்லூரியில் பாடம் நடத்தியவர் இவர்.

பண அளிப்பு எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்பது ஜோன்ஸின் எண்ணம். 1960களில் அவருடைய பிரிவு அந்த அட்டவணைகளை அச்சடித்துப் பேராசிரியர்களுக்கும் வங்கியாளர்களுக்கும் தபாலில் அனுப்பத் தொடங்கியது. மத்திய வங்கி என்றாலே வாயைத் திறக்காத இடம் என்றிருந்த காலத்தில் இது பெரிய விஷயம்.

போனில் வந்த ஃபிரெட்

அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாக 1991இல் அதே வங்கி ஃபிரெட் என்ற சேவையைத் தொடங்கியது. ஆள் பெயர் மாதிரி இருந்தாலும், 'ஃபெடரல் ரிசர்வ் எகனாமிக் டேட்டா' என்பதன் சுருக்கம்தான் அது :-)

அப்போது அது இணையதளம் அல்ல, மின்னணு அறிவிப்புப் பலகை. கணினியை மோடம் மூலம் டெலிபோனில் இணைத்து, வங்கியின் எண்ணுக்கு டயல் செய்து, வேண்டிய கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். சேவை இலவசம். 1990களின் நடுவில் ஃபிரெட் இணையத்துக்கு வந்தது. இன்று அதில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட தரவு வரிசைகள் இருக்கின்றன.

இங்கேதான் ஒரு வேடிக்கை. தபாலில் போன காகிதம் நூலக அலமாரியில் அப்படியே இருந்தது. மார்ச் மாத இதழில் ஒரு எண், ஜூன் மாத இதழில் வேறு எண் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கணினிக் கோப்பு அப்படியில்லை. புதியது வந்தால் பழையதன் மேலேயே எழுதப்பட்டுவிடும். வசதி கூடியது, பழைய எண்களின் ஞாபகம் அழிந்தது.

பழைய எண்களைத் தேடியவர்கள்

இதைச் சரிசெய்ய முதலில் இறங்கியவர்களில் டீன் க்ரௌஷோர், டாம் ஸ்டார்க் இருவரும் முக்கியமானவர்கள். பிலடெல்பியா ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இவர்கள் பழைய அச்சுப் பிரசுரங்களைத் தேடிப் பிடித்து, 1965 நவம்பர் முதல் ஒவ்வொரு காலாண்டிலும் 'அன்றைக்குத் தெரிந்திருந்த' எண்கள் எவை என்று அட்டவணை தயாரித்தார்கள்.

பழைய தவறான எண்ணை யார் தேடப்போகிறார்கள் என்று தோன்றலாம். அதனாஸியோஸ் ஆர்ஃபனைடஸ் என்ற பொருளாதார அறிஞர் 2001இல் ஒரு கட்டுரையில் இதற்கு விடை சொன்னார். பின்னால் திருத்தப்பட்ட எண்களை வைத்து ஒரு மத்திய வங்கியின் முடிவுகளை எடைபோட்டால் தப்பான தீர்ப்புத்தான் கிடைக்கும் என்றார். 1970களில் அமெரிக்காவில் விலைவாசி ஏறியதையும் அவர் இதே வழியில் ஆராய்ந்தார். பொருளாதாரத்தில் இன்னும் நிறைய உற்பத்தித் திறன் சும்மா கிடக்கிறது என்று அன்றைய மதிப்பீடுகள் காட்டின. அதை நம்பித்தான் அதிகாரிகள் பணத்தை இறுக்காமல் விட்டார்கள், எண்தான் அவர்களைத் தவறாக வழிநடத்தியது என்பது அவர் வாதம்.

ஆல்ஃபிரெட்

2006இல் செயின்ட் லூயிஸ் வங்கி ஆல்ஃபிரெட் என்ற ஆவணக் காப்பகத்தைத் திறந்தது. ஃபிரெட்டில் ஒரு எண்ணுக்கு ஒரே தேதி, அது எந்தக் காலத்தைப் பற்றியது என்பது. ஆல்ஃபிரெட்டில் இரண்டாவது தேதியும் உண்டு, அந்த எண் எந்த நாளில் புழக்கத்தில் இருந்தது என்பது.

பிறகு வந்த ஏபிஐ இந்த இரண்டையும் நிரல்களுக்குத் திறந்துவிட்டது. ஏபிஐ என்றால் மனிதன் மவுஸால் கிளிக் செய்யும் பக்கத்துக்குப் பதிலாக, நிரல் நேரடியாகக் கேள்வி கேட்கும் வாசல். தளத்தில் பதிவு செய்தால் 32 எழுத்து நீளமுள்ள சாவி ஒன்று இலவசமாகக் கிடைக்கும். பைத்தான், ஆர் போன்ற எந்த மொழியிலும் ஒரு இணைய முகவரியை உருவாக்க வேண்டும். அதில் வரிசையின் பெயர் (விலைவாசி மாற்றத்தை நீக்கிய ஜிடிபி என்றால் ஜிடிபிசி1), சாவி, 'ரியல்டைம் ஸ்டார்ட்', 'ரியல்டைம் எண்ட்' என்ற இரண்டு தேதிகள். அவ்வளவுதான். பதில் ஜேசான் அல்லது எக்ஸ்எம்எல் வடிவில் வரும்.

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அந்தத் தேதிகளைக் கொடுக்காவிட்டால் ஏபிஐ இன்றைய தேதியை எடுத்துக்கொள்ளும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, எண் அழகாக வந்து நிற்கும், ஆனால் அது கடைசியாகத் திருத்தப்பட்ட எண். இரண்டு, 2009 ஜனவரியில் ஜிடிபியை 2000ஆம் ஆண்டு விலையில் கணக்கிட்டார்கள். அடிப்படை ஆண்டு பிறகு மாறியது. அதனால் இரண்டு காலத்து ஜிடிபி தொகைகளை நேரடியாக ஒப்பிடக்கூடாது. ஒவ்வொரு காலத்துக்கும் வளர்ச்சி வீதத்தைத் தனியாகக் கணக்கிட்டு, அவற்றைத்தான் ஒப்பிட வேண்டும்.

787 பில்லியன் டாலர்

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். 787 பில்லியன் டாலர் ஊக்கத் திட்டத்தில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்டது 2009 பிப்ரவரி 17. அன்று அவர் மேஜையில் இருந்த எண் 3.8. பத்து நாள் கழித்துத்தான் 6.2 வந்தது. 8.9 வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகும் திருத்தங்கள் வந்தன, ஆனால் எதுவும் 8க்குக் கீழே இறங்கவில்லை.

திட்டம் நிறைவேறினால் வேலையின்மை 8 சதவீதத்தைத் தாண்டாது என்று ஒபாமாவின் ஆலோசகர்கள் ஜனவரியில் கணித்திருந்தார்கள். அக்டோபரில் அது 10 சதவீதத்தைத் தொட்டது. திட்டம் தோற்றுவிட்டது என்றது ஒரு தரப்பு. நோய் நினைத்ததைவிடப் பெரிது, மருந்துதான் சிறிது என்றது இன்னொரு தரப்பு. யார் சொல்வது சரி என்று ஆல்ஃபிரெட் தீர்ப்புச் சொல்லாது. ஆனால் 8.9 என்ற எண்ணைக் காட்டி, 'இது தெரிந்துமா இவ்வளவு சின்னத் திட்டம் போட்டார்கள்?' என்று யாராவது கேட்டால், 'அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது' என்று ஆதாரத்தோடு சொல்லலாம்.

திருத்தமா, திருட்டா?

2025 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அமைப்பு ஜூலை மாத வேலைவாய்ப்பு அறிக்கையை வெளியிட்டது. மே மாதம் கூடுதலான வேலைகள் 1,44,000 என்றிருந்தது 19,000 ஆகவும், ஜூன் மாதம் 1,47,000 என்றிருந்தது 14,000 ஆகவும் திருத்தப்பட்டன. இரண்டும் சேர்ந்து 2,58,000 குறைவு. எண்கள் திரிக்கப்பட்டவை என்று ஆதாரம் காட்டாமலே குற்றம் சாட்டிய அதிபர் டிரம்ப், அன்றே அந்த அமைப்பின் தலைவர் எரிகா மெக்என்டார்ஃபரைப் பதவியிலிருந்து நீக்கினார்.

திருத்தம் என்பதே சந்தேகத்துக்குரியது என்று ஆகிவிட்டால், புள்ளிவிவரத் துறைகளுக்குப் பாதுகாப்பான வழி முதலில் சொன்னதையே கடைசிவரை சொல்வதுதான். அது எல்லோருக்கும் நஷ்டம். அதற்கு மாற்று, பழைய எண், புதிய எண், மாறிய நாள் மூன்றும் பொதுவில் இருப்பது. அப்போது இந்தத் திருத்தம் முந்தைய திருத்தங்களோடு ஒப்பிட்டால் பெரிதா சிறிதா என்று யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஜிடிபி எண்ணைப் போடுகிறவர்கள் கீழே எங்கிருந்து எடுத்தது என்று ஒரு வரி எழுதுவது வழக்கம். அதோடு எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் சேர்த்து எழுதிவிட்டால் நல்லது. இரண்டு வருடம் கழித்து யாராவது சரிபார்க்கும்போது எண் மாறியிருந்தால், அது யார் தவறும் இல்லை என்று அந்தத் தேதியே சொல்லிவிடும்.