முள்ளெலியும் சட்டமும்

இயற்கை பற்றிய தவறான நம்பிக்கை சட்டமாக உருப்பெறும்போது அதன் விளைவைச் சுமப்பது வாயற்ற உயிரினமே. இங்கிலாந்தில் முள்ளெலிக்கு நேர்ந்தது இதற்குத் தக்க சான்றாகும்.

முள்ளெலி இரவில் இரைதேடும் சிறிய பாலூட்டி. வண்டுகள், மயிர்க்கொட்டிகள், மண்புழுக்கள் என்பன அதன் பிரதான உணவாகும். ஆபத்து நேருமிடத்துத் தசைகளைச் சுருக்கி முட்பந்தாகச் சுருண்டுகொள்ளும். குளிர்காலத்திலோ, உடல் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் பெரிதும் குறைத்துச் சருகுக் கூட்டினுள் உறங்கும்.

இரவில் படுத்திருக்கும் பசுக்களின் மடியில் முள்ளெலி பால் குடிக்கின்றதென ஆங்கிலேயக் குடியானவர் நம்பினர். மந்தையை அண்டிய பூச்சிகளை நாடியே அது அங்கு வந்திருத்தல் கூடும். 1566 ஆம் ஆண்டு, முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சியில் தானியப் பாதுகாப்புக்கென இயற்றப்பட்ட சட்டம், முள்ளெலியையும் அழிக்கப்பட வேண்டிய பிராணிகளின் பட்டியலிற் சேர்த்தது. முள்ளெலியொன்றைக் கொன்றவருக்கு இரண்டு பென்சு வெகுமதி கிடைத்தது. கோயிற்பற்றுக் கணக்கேடுகள் இக்கொடுப்பனவுகளை இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பதிவுசெய்துள்ளன.

தானியத்தை உண்ணாது, பயிரைத் தின்னும் பூச்சிகளை உண்ணும் பிராணியொன்று தானியத்தின் பெயராலேயே கொல்லப்பட்டது. சட்டமியற்றியோர் அதன் இரைப்பையை ஆராயவில்லை; ஊர்ப்பேச்சையே சான்றாகக் கொண்டனர்.

1981 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், நாட்டுப்புறச் சட்டம் முள்ளெலிக்கு ஓரளவு பாதுகாப்பளித்தது. எனினும், உயிர்வேலிகள் அழிந்தமை, பூச்சிகொல்லிகள், வீதிப் போக்குவரத்து ஆகியவற்றால் அதன் தொகை குன்றியது. 2020 இல் பிரித்தானியப் பாலூட்டிகளின் செம்பட்டியலில் அது அழிவபாயத்துக்குள்ளானதாகச் சேர்க்கப்பட்டது. அன்று பகைமை கொன்றது. இன்று கவனமின்மை கொல்கின்றது. முன்னையதை ஒரு சட்டத்தால் நீக்கலாம். பின்னையதை நீக்குதல் அத்துணை எளிதன்று.